நான் அலசிய மூன்று குடுவைகள்

பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்துக்கு என்னை மாற்றியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் அங்கேயே அலுவலகத்தில் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புதிய வேலை கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, முதலாம் வருடப் பிள்ளைகளின் மேசைகளில் எடுத்து வைப்பது, வகுப்பு முடிந்ததும் திரும்பக் கழுவுவது. நான் சாதாரண தரத்தோடு, பதினோராம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். அதனால் வாசலோரம் நின்று, படிப்பிக்கும் மிஸ் என்ன சொல்கிறா என்று கேட்பதை விட்டு, அவவின் கைகளைப் பார்க்கப் பழகினேன்.

அதிகமாகச் செய்தது நியமிப்புத்தான். மேலே பியூரெட் என்ற நீண்ட குழாயில் ஒரு காரக் கரைசல். கீழே கூம்புக் குடுவையில் அளந்து விட்ட அமிலமும் நிறங்காட்டி இரண்டு சொட்டும். சொட்டுச் சொட்டாக விட, ஏதோ ஒரு சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும். அந்தச் சொட்டோடு நிறுத்திவிட்டு, எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். மூன்று தரம் செய்தால் மூன்று தரமும் அளவு ஒன்றாக வர வேண்டும்.

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை எப்போதும் கடைசியாகத்தான் முடிப்பாள். சொட்டு விடும்போது கை நடுங்கும். "உன்ர நடுக்கத்தைப் பாத்து அசிட்டுக்கே காய்ச்சல் வரப்போகுது" என்று பக்கத்து மேசைப் பெடியன் ஒருநாள் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மற்றவர்கள் போன பிறகு நின்று என்னோடு சேர்ந்து கழுவுவாள். நானும் அதிகம் கதைக்காதவள், அவளும் அப்படித்தான். பேசாமல் நிற்க அந்தத் தண்ணீர்த் தொட்டி எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது.

"எங்கட பள்ளிக்கூடத்தில பியூரெட் ஒண்டுதான் அன்ரி இருந்தது. அதுவும் அலுமாரிக்குள்ள. உடைஞ்சிடும் எண்டு படிப்பிக்கிற சேர் கண்ணாடிக்கு வெளியில நிண்டு விரலாலதான் காட்டுவார்."

"பிறகு எப்பிடிப் பிள்ளை சோதினை பாஸ் பண்ணினனீ?"

"பாடமாக்கினனான்."

எழுத்துச் சோதனையில் அவள் ஏற்கெனவே தவறியிருந்தாள். செய்முறைச் சோதனைக்கு முதல் கிழமை, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இதுவும் பிழைச்சா நான் வீட்ட போயிடுவன் அன்ரி. ஏலாத படிப்பை ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது? அப்பா ராவில வயலுக்கு ஆனைக் காவலுக்குப் போறவர். நான் நிண்டா அம்மாவுக்காவது உதவி."

"அப்பிடிச் சொல்லாதை" என்றேன்.

சோதனை நாள் விடியவே போய் எல்லா மேசைகளிலும் சாமான்களை வைத்தேன். மிஸ் பியூரெட்டில் அதே கரைசலைக் கொஞ்சம் விட்டு, உருட்டி, வெளியே ஊற்றுவதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். அமிலத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டையும் அப்படித்தான் செய்வா. குடுவையையும் அவ அமிலத்தால் அலசுவதாகவே நான் நினைத்திருந்தேன். தண்ணீருக்கும் நிறமில்லை, அமிலத்துக்கும் நிறமில்லை. அந்தப் பிள்ளை அவசரத்தில் ஏதாவது மறந்துவிடுவாள், அவளுக்கு அந்த ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று, அவளுடைய மேசையில் இருந்த மூன்று குடுவைகளை மட்டும் அமிலத்தால் அலசி ஊற்றிவிட்டு வைத்தேன். ஒருத்திக்கு மட்டும் செய்கிறேனே என்று கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று அவளுடைய கை நடுங்கவில்லை. முதல் குடுவை மெல்லிய சிவப்பில் நின்றது. அவ்வளவு அழகாக அவள் ஒருநாளும் நிறுத்தியதில்லை. எழுதினாள். இரண்டாவதும் அப்படியே நின்றது. எழுதிவிட்டு முதல் எண்ணைப் பார்த்தாள். மூன்றாவதை முடித்த பிறகு பேனையை வைத்துவிட்டு மூன்று எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நான்காவதைத் தொடங்கியபோது நேரம் முடிந்துவிட்டது.

அன்று அவள் கழுவ நிற்கவில்லை. பெறுபேறு வந்த அடுத்த நாள் பையோடு வந்து, "எனக்குக் கை வராது அன்ரி. போட்டு வாறன்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பிள்ளை ஏதோ கேட்க, மிஸ் தமிழில் விளங்கப்படுத்தினா.

"பியூரெட்டையும் பிப்பெட்டையும்தான் கரைசலால அலசோணும். குடுவையை வெறும் வடிச்ச தண்ணியால மட்டும். அசிட்டால அலசினா உள்ளுக்க ஒட்டிக்கொண்டு நிக்கிறதும் சேர்ந்திடும். பிறகு ஒவ்வொருக்கா ஒவ்வொரு அளவு காட்டும்."

கையில் இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் இருந்தேன்.

மிஸ்ஸிடம் சொல்ல மூன்று நாட்கள் அவவின் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் சொன்னேன். அவ ஏசவில்லை. "அந்தப் பிள்ளை விலகிறன் எண்டு எழுதிக் குடுத்திட்டெல்லோ போனவ. இனி நான் என்ன செய்யிறது அக்கா?" என்று மட்டும் கேட்டா.

அவளோடு படித்த பிள்ளையிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி அவளுக்கு எடுத்தேன். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கோழிகள் கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"அப்ப அண்டைக்கு நான் சரியாத்தான் செய்தனானோ?"

"ஓம் பிள்ளை. மூண்டையும் சரியாத்தான் செய்தனீ. பிழை என்ர."

கோழிச் சத்தம் தூரப் போனது. பிறகு குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"எனக்கு ஏலாமத்தான் விட்டிட்டு வந்தனான் எண்டு அப்பா இப்பதான் ஒருமாதிரி மனசை ஆத்தினவர். இஞ்ச ஒருத்தருக்கும் இதைச் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி."

"சொல்லமாட்டன்."

"வைக்கிறன் அன்ரி. அம்மா கூப்பிடுறா."

யாரும் கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை.