'கெட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்

ஹார்டு டிஸ்க் சாவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தத்தை யாரும் மதிக்க மாட்டார்கள், அந்த அலட்சியத்தில்தான் எங்கள் தொழில் ஓடுகிறது. சர்வர் ரிப்பேருக்குப் போன இடத்தில் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பேச்சைக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், புரியாமல் போகாது.

நான் பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டவள். ஏன் என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாஸ்கர் அண்ணனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. லினக்ஸ் சர்வர் என்றால் என்னைத்தான் அனுப்புவார், கறுப்புத் திரையைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

கீழே இருப்பதெல்லாம் ஒரே ஒரு சர்வரின் சங்கதி. திண்டிவனம் ரோட்டில் செல்வம் அண்ணன் நடத்தும் போட்டோ ஸ்டூடியோவின் சர்வர் அது. ஊரில் பாதிப் பேர் முகம் அதற்குள் இருந்தது. தொண்டூர் அம்சா அக்காவின் முகமும் இருந்தது. அந்த அக்காவுக்கு இருந்த ஒரே நல்ல போட்டோ அதுதான். அவர் இறந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

சத்தம்

ஆவணி மாதம், முகூர்த்த சீசன். சர்வர் நின்று நின்று போகிறது என்று செல்வம் அண்ணன் கூப்பிட்டார். போய், சர்வர் தன் கோளாறை எழுதி வைக்கிற லாகைத் திறந்தால் படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று வரிசையாக எரர். அந்தப் பெட்டியில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை எல்லாம் கன்ட்ரோலர் கார்டு இன்னொன்றிலும் எழுதிவிடும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். கோளாறு டிஸ்க்கிலா, கார்டிலா, கேபிளிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு டிஸ்க்கின் கேபிளையும் மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். எரர் பழைய இடத்திலேயே நின்றால் கார்டோ கேபிளோ. டிஸ்க் கூடவே போனால் டிஸ்க். கூடவே போனது.

"அண்ணே, இது போவப் போவுது. புதுசு ஒண்ணு வாங்குங்க, நானே வந்து மாத்தறேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்றேன். முகூர்த்தம் முடியட்டும் என்றார். பெட்டியில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். உள்ளே டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு நிமிர்ந்து சொன்னார்: "என் வண்டிகூடத்தான் சத்தம் போடுது, அதுக்குன்னு குழி தோண்டிப் பொதைச்சிட்டனா?"

ரெண்டும் நல்லது

இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே உருவம். குழம்பக் கூடாதென்று அன்றைக்கே ஒன்றின் மேல் 'நல்லது', இன்னொன்றின் மேல் 'கெட்டது' என்று மார்க்கரில் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தேன். புரட்டாசியில் ஆயுத பூஜை. பொரி கடலை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனேன். கேமரா, ஸ்டாண்டு, பிரின்டர், கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சர்வரின் பக்கத் தகட்டையும் கழற்றி உள்ளே துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். 'கெட்டது' ஸ்டிக்கரைக் காணோம். அந்த இடத்தில் புதிதாக ஒரு ஸ்டிக்கர். அதிலும் 'நல்லது'.

கத்திவிட்டேன். டிஸ்க்கின் சீரியல் நம்பரை ஒத்துப்பார்த்து, "மேல இருக்கறதுதான் கெட்டது, நான் வராம தொடாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னேன். மறுபடி எழுதி ஒட்டப் போனபோது செல்வம் அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. "சாமிக்கு வச்ச சாமான் மேல 'கெட்டது'ன்னு எழுதி ஒட்டுவாங்களா, உங்க வீட்ல அப்படித்தான் பண்ணுவீங்களா பாப்பா?"

எடுத்தவள்

ஐப்பசியில் ஒரு நாள் போன் வந்தது. புது டிஸ்க் வந்துவிட்டதாம், நான் வேறு வேலையாகப் போயிருந்தேனாம், அவரே மாட்டிவிட்டாராம், இப்போது எதுவுமே தெரியவில்லையாம். போனேன். ஸ்டூடியோ பெஞ்சில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை அண்ணன். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். அவர் மனைவிதான் அம்சா அக்கா. காய்ச்சலில் போய்விட்டார். காரியத்துக்கு ஃபிரேம் போட்ட படமும் பேனரும் வேண்டும் என்று வந்திருந்தார். சாவு நடந்த அன்றைக்குப் படம் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் போட்டுப் பேனர் கட்டியிருக்கிறார்கள். ஊரில் அதைப் பேசாதவர் இல்லையாம்.

"போன்ல ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும். எடுத்துக் காட்டினார். மூன்று வயதுப் பெண் குழந்தை, ஆட்டுக்குட்டி, தம்பி கல்யாணம், கோட்டை மேல் ஏறி நிற்கிற சொந்தக்காரர்கள். எல்லாரும் இருந்தார்கள். "எடுத்ததே அவதான பாப்பா, அவ எப்படி இதுல இருப்பா?" என்றார். ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் விரல் நுனி விழுந்திருந்தது. கல்யாணத்தில் படமே எடுக்கவில்லையாம், ஆதாரில் இருப்பது யாரென்றே தெரியவில்லையாம். மகளிர் குழு லோனுக்காக இந்த ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் எடுத்தது ஒன்றுதான். சிரிக்காதம்மா என்று செல்வம் அண்ணன் சொல்லச் சொல்லச் சிரித்தாராம். காப்பி எதுவும் கையில் இல்லையா என்றேன். "எல்லாம் மனுவுல ஒட்டிக் குடுத்தாச்சு, போய்ப் பாத்தேன், ஒவ்வொண்ணுலயும் அவ மூஞ்சி மேலயே சீல் அடிச்சு வச்சிருக்கான்."

அதுவே கேட்டது

பெட்டியைத் திறந்தேன். உள்ளே புது டிஸ்க்கும் கெட்ட டிஸ்க்கும் இருந்தன. இரண்டிலும் 'நல்லது' என்றே இருந்ததில் நிஜமான நல்லதைக் கழற்றியிருந்தார். புது டிஸ்க்கைப் பார்த்ததும் கார்டு தன் வேலையைத் தொடங்கி, கெட்டதிலிருந்து ஒன்று விடாமல் படித்துப் புதியதில் எழுதப் போயிருக்கிறது. சாகக் கிடந்த டிஸ்க்கை ஓட ஓட விரட்டிய மாதிரி. பாதியில் விழுந்துவிட்டது.

"கழட்டின டிஸ்க் எங்கண்ணே?" பயந்துகொண்டே கேட்டேன். ஆல்பம் வேலை செய்கிற விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். லினக்ஸ் டிஸ்க் விண்டோஸுக்குப் புரியாது, அழித்து உபயோகிக்கவா என்று கேட்கும். கேட்டிருக்கிறது. ஓகே கொடுத்துவிட்டார். அதோடு விட்டிருந்தால்கூடத் தோண்டி எடுத்திருப்பேன். யாரோ ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முன்னால் கோட்டையில் எடுத்துக்கொண்ட வீடியோவையும் கல்யாண வீடியோவையும் கொண்டுபோய் அதில் நிரப்பி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஃபார்மெட் பண்ணவான்னு அதுவாத்தான கேட்டுச்சு, நானா போய்க் கேட்டேன்?" என்றார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. பெஞ்சில் இருந்த ஏழுமலை அண்ணனுக்கு எங்கள் சண்டையில் என்ன புரிந்ததோ, எழுந்து பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப அவ மேல வேற யார் கல்யாணமோ ஏறிடுச்சி, அதான பாப்பா?"

ஃப்ரீசர்

மிஞ்சியது கெட்ட டிஸ்க்தான். கடைக்குக் கொண்டுவந்து லினக்ஸ் மெஷினில் மாட்டி, முடிந்ததை மட்டும் படித்து முடியாததைத் தாண்டிப் போகிற புரோகிராமை ஓட விட்டேன். நல்ல இடத்தை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, விட்ட இடத்துக்குத் திரும்பித் திரும்பி வந்து தட்டிப் பார்க்கும். இந்த வேலைக்கு அவசரப்படுத்த முடியாது, எனக்கோ பொறுமை கிடையாது. ஏழுமலை அண்ணன் தினமும் கமிட்டி வேலை முடிந்து, தோளில் நெல் தூசோடு வந்து ஸ்டூலில் உட்காருவார். டிஸ்க் டக் என்றால் நிமிர்வார். கரண்டு போனால் எழுந்து நின்றுகொள்வார். காரியத்துக்குள் கிடைத்துவிடுமா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. "என் பொண்ணு இப்பவே ஆத்தா எங்கன்னு சொவத்தப் பாத்துக் கேக்குது" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

டிஸ்க் சூடேறிச் சுத்தமாக நின்றது ஒரு நாள். எங்கள் தொழிலில் ஒரு நாட்டு வைத்தியம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். செத்த டிஸ்க்கைக் கவரில் சுற்றிக் குளிரில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடினாலும் ஓடும். பாஸ்கர் அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார், "எதிர்ல கூல் டிரிங்ஸ் கடையில ஃப்ரீசர் இருக்குது, ஒரு மணி நேரம் வச்சுப் பாக்கலாமா?" ஏழுமலை அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "ஃப்ரீசர் மட்டும் வேணாண்ணே, அவளயும் ஒரு ராத்திரி பூரா அதுலதான வச்சிருந்தோம்."

பாதி

டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். காரியத்துக்கு முதல் நாள் அந்த ஃபைல் வந்தது. திறந்தேன். வகிடு, காதோரம் மல்லிகைப்பூ, நெற்றிப் பொட்டு, இரண்டு கண், மூக்கில் பாதி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. டிஸ்க் அந்த இடத்தைக் கொடுக்கவே இல்லை. கண்ணைப் பார்த்தாலே சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. மறுபடி ஓட விட்டேன், இன்னொரு தரம் ஓட விட்டேன். அதற்கு மேல் டிஸ்க் சுற்றவே மறுத்துவிட்டது.

ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனோம். செல்வம் அண்ணன் ஏழுமலை அண்ணன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார். "கீழ்ப் பாதிய நான் போட்டுத் தரேன், இப்பல்லாம் கம்ப்யூட்டர் அதுவே வரஞ்சிடுது." போட்டார். உதடு, பல் வரிசை, மோவாய், எல்லாம் ஒட்டு தெரியாமல் வந்துவிட்டது. பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். ஏழுமலை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாது" என்றார். செல்வம் அண்ணன் மவுசிலிருந்து அப்படியே கையை எடுத்துவிட்டார். பாதிப் படத்தையே பிரின்ட் போட்டுக் கண்ணாடி மாட்டச் சொன்னார் ஏழுமலை அண்ணன். சாம்பல் நிறம் அப்படியே தெரியுமே என்று நான் கேட்டுவிட்டேன். ஃபிரேமைத் துண்டில் சுற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "மேல இருக்கறது அவதான பாப்பா, கீழ நான் மாலை பெருசா வாங்கிப் போட்டுக்கறேன்."

இப்போதெல்லாம் நான் டிஸ்க் மேல் 'கெட்டது' என்று எழுதுவதில்லை, 'தொடாதே' என்றுதான் எழுதுகிறேன், அடுத்த ஆயுத பூஜைக்கு அதையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கழற்றுவார்கள்.