அசையாமல் உட்கார ஓர் அட்டை

ரீஜிஸ் ஹ்ரபோவ்ஸ்கிக்கு உட்காரத் தெரியாது என்று எங்கள் மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு கேலி உண்டு. ஞாயிற்றுப் பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கும்போதே மனிதர் எழுந்து கோயில் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் சாப்பிடுவதுகூட நின்றபடிதான். ஐந்து வருஷத்துக்கு முன் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைப் பாறை ஒன்று பெயர்ந்து முதுகில் விழுந்த நாளிலிருந்து அவருடைய இரண்டு பாதங்களும் நெருப்பில் வைத்த மாதிரி எரிகின்றன. கேலி செய்கிறவனுக்கு என்ன, எரிவது அவன் காலா?

எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது போன வருஷம் நடந்த ஒன்று. நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள் கழிந்த சனிக்கிழமை, மான் வேட்டையின் முதல் நாள். மரத்தில் கட்டிய பரண்மேல் இவர் உட்கார்ந்திருக்க, நாற்பது தப்படியில் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கால் எரிந்தது. பூட்ஸை ஒரு விரற்கடை நகர்த்தினார், பலகை கிறீச்சிட்டது, மான் போயே போய்விட்டது.

வேட்டைக்காரர்கள் சேர்ந்து தங்கும் எங்கள் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. கைக்கெட்டிய மானை விட்டவன் சட்டையின் பின்நுனியைக் கத்திரியால் வெட்டி, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். ரீஜிஸ் அன்றைக்குத் தானாகவே விஷயத்தைச் சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஒருவனும் கத்திரியை எடுக்கவில்லை. சமையல் பார்க்கும் ஆல்பி, "உடம்புக்கு முடியாத மனுஷன், விடுங்கப்பா" என்றான். கட்டையால் அடித்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. தன்னைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்த வருஷம் எப்படியாவது அசையாமல் உட்கார வேண்டும். அதற்காகத்தான் ஆகஸ்டில் டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மா, வலி மாத்திரையைக் குறைத்துவிட்டுக் கஞ்சா மருந்து வாங்க மாநில அரசு தரும் அட்டையை எடுக்கச் சொன்னாள். நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டால் நரம்பு அடங்குமாம். ஒரு காகிதத்தையும் கையில் கொடுத்து, "நல்லதும் இருக்கு, சங்கடமும் இருக்கு, படிச்சுப் பாருங்க" என்றாள். அதை மருத்துவமனை வாசலில் நடந்துகொண்டே படித்தார். மருந்து எடுத்தால் வண்டி ஓட்டக் கூடாது. மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கடைசியில், பொடி எழுத்தில், அட்டை வைத்திருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம் என்று இருந்தது.

எந்நேரமும் நடந்துகொண்டே இருக்கிற மனிதர் அங்கேயே நின்றுவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி நோரீன் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கிப் படித்தாள். "மாநிலம் மருந்துங்குது, வாஷிங்டன் குத்தம்ங்குது. ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களா?"

"துப்பாக்கி இருந்தா உட்கார முடியாது. உட்கார முடிஞ்சா துப்பாக்கி இருக்காது. நல்லா இருக்குல்ல நியாயம்!"

"மாத்திரையைத் தின்னுட்டு நீ மரக்கட்டையாட்டம் கிடக்கிறதை என்னால பார்க்க முடியலை, ரீஜிஸ். உன்கூடச் சுரங்கத்துல இருந்த லெஸ்டரும் மாத்திரையிலதான் ஆரம்பிச்சான். அவன் கல்லறைக்கு நீதானே சவப்பெட்டி தூக்கினே? உன் பெட்டியை யாரு தூக்கணும்ங்கிறே?"

அவர் கொல்லைப் பக்கம் போய் வேலியோரமாக நடந்தார்.

அன்று மாலை நோரீனின் தம்பி வின்ஸ் வந்தான். அவனுக்கு உலகத்தில் எதுவுமே சிக்கல் இல்லை.

"மச்சான், நீ ஒரு வெள்ளந்தி. அட்டை எதுக்கு? நான் ஒருத்தன்கிட்ட சொல்லி மருந்தை வாங்கித் தர்றேன். உன் பேரு எந்த ஏட்டுலயும் ஏறாது. துப்பாக்கியும் உன்கிட்டயே இருக்கும்."

"திருட்டுத்தனமா வாங்கினா மட்டும் குத்தம் இல்லையாடா?"

"குத்தந்தான். யாருக்குத் தெரியப்போகுது? இல்லேன்னா அட்டையை எடு, துப்பாக்கி அலமாரிச் சாவியை அக்காகிட்டக் குடுத்துடு."

"அவ சாவியை எந்த டப்பாவுல வைப்பான்னு எனக்குத் தெரியுமே. அப்போ துப்பாக்கி என்கிட்ட இருக்கிற மாதிரிதானே?"

"அடப் போய்யா! உன்னைத் திருத்த அந்த ஆண்டவனே இறங்கி வரணும்."

வின்ஸுக்குப் புரியாத ஒன்று உண்டு. ரீஜிஸ் முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் வாயு சோதிக்கிற வேலை பார்த்தவர். ஷிஃப்ட் இறங்குவதற்கு முன் தனியாக உள்ளே போய், கரி வெட்டும் ஒவ்வொரு முகப்பிலும் காற்றைச் சோதித்து, தன் பெயரின் இரண்டு முதலெழுத்தையும் தேதியையும் நேரத்தையும் சாக்கட்டியால் எழுதிவிட்டு வர வேண்டும். அந்த எழுத்தை நம்பித்தான் நூறு பேர் இறங்குவார்கள். பார்க்காத இடத்தில் ஒருநாள்கூட அவர் எழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், யாருக்குத் தெரியப்போகுது என்றால்?

செப்டம்பரில் விண்ணப்பம் போட்டார். மறுநாளே வேண்டாம் என்றார். துப்பாக்கியை எடுத்துத் துடைத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "ஒண்ணு அதால சுடு, இல்லே கீழே வை. எனக்குத் தலை சுத்துது!" என்று நோரீன் கத்தினாள். அட்டை வந்த பிறகும் உறையைப் பிரிக்கவில்லை. இரண்டு வாரம் அது குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கியது. போகும்போதும் வரும்போதும் அதை முறைத்துக்கொண்டே நடந்தார். உறையைப் பிரித்து அட்டையை எடுத்தால் கொட்டகையில் தனக்கு என்ன வேலை? எடுக்காவிட்டால், இன்னொரு வருஷமும் அந்தப் பரிதாபப் பார்வையை எப்படித் தாங்குவது?

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வின்ஸை வரச் சொன்னார். வீட்டில் இருந்த மூன்று துப்பாக்கிகளையும் உறையோடு அவன் வண்டியில் வைத்தார். கடைசியாக வைத்தது தன் முதல் சம்பளத்தில் வாங்கியது.

"எண்ணெய் போட மறக்காதே. குண்டு கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும்" என்றார் ரீஜிஸ். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே வந்து அட்டையின் உறையைப் பிரித்தார். நோரீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் முதுகில் கை வைத்தாள். அவர் அழுதார்.

வேட்டையின் முதல் நாளும் வந்தது. கொட்டகையில் அவரைப் பார்த்தவர்கள், சமையலுக்கு உதவ வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தார்கள். அவரோ ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டி, நாக்குக்கு அடியில் சொட்டு விட்டுக்கொண்டு, வெறுங்கையோடு பரணுக்கு நடந்தார். ஏறி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு இன்னொன்று. பாதம் எங்கோ தூரத்தில் முணுமுணுத்ததே தவிர எரியவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். மனசு மட்டும் அடங்கவில்லை. வெறுங்கையை வைத்துக்கொண்டு இங்கே என்ன கிழிக்கிறோம் என்று அது அரித்துக்கொண்டே இருந்தது.

மதியம் தாண்டி அது வந்தது. பத்துக் கிளைக் கொம்பு. பரணுக்கு நேர் எதிரே, இருபது தப்படியில் நின்று பாசியை மோந்தது. அதன் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்தார். பலகை கிறீச்சிடவில்லை. கை மட்டும் பழக்க தோஷத்தில் மடியைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. மான் தன் வழியே நிதானமாக நடந்து போயிற்று.

சாயங்காலம் கொட்டகையில் எல்லாரும் சூப்புக் கிண்ணத்தோடு இருந்தபோது சொன்னார்: "பத்துக் கிளை. இருபது தப்படி. விட்டுட்டேன்."

போன வருஷத்து அதே பார்வை கிளம்பப் பார்த்தது. அது வந்து சேருமுன் ரீஜிஸ் சுவரோரம் போய்க் கத்திரியை எடுத்து வின்ஸ் கையில் திணித்தார். சட்டையை வெளியே இழுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"மச்சான், துப்பாக்கியே இல்லாதவன் எப்படிய்யா விட முடியும்?"

"கைக்கெட்டுன தூரத்துல வந்துச்சா இல்லையா? போயிடுச்சா இல்லையா? வெட்டுடா!"

வின்ஸ் ஆல்பியைப் பார்த்தான். ஆல்பி கரண்டியைக் கீழே வைத்தான்.

"பெருசா வெட்டு, வின்ஸ். போன வருஷத்துதும் பாக்கி இருக்கு."

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. கிழட்டுக் குருடா, துப்பாக்கி இருந்தாலும் மரத்தைத்தான் சுட்டிருப்பே என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். வெட்டிய துணியை ரீஜிஸ் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே சாக்கட்டியை எடுத்துத் தன் இரண்டு எழுத்தையும், தேதியையும், நேரத்தையும் எழுதினார். ஆணியடித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, சூப்பு முழுவதையும் உட்கார்ந்தபடியே குடித்தார்.