இடது தொடையின் சுற்றளவு

எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம். என் கணவர் அப்போது கோவாவில் ஒரு கிளப்புக்குக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார், தடுப்பாட்டக்காரர். அங்கே மழை பிடித்துவிட்டால் ஆட்டம் கிடையாது. ஜூனும் ஜூலையும் திருநெல்வேலியில் எங்களோடு இருப்பார். அந்த முறை இடது முழங்கால் வீங்கி வந்து சேர்ந்தார். வீக்கம் வடிந்த பிறகும் அந்தக் காலை ஊன்றித் திரும்பப் பயந்தார். திரும்ப முடியாத தடுப்பாட்டக்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்?

பயிற்சியாளர் ஆங்கிலத்தில் இரண்டு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆகஸ்ட் முகாமில் பன்னிரண்டு நிமிடத்தில் மூவாயிரம் மீட்டர் ஓட வேண்டும், இரண்டு கால்களும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை. கணிதம் படித்தவள் என்பதால் நான்தான் வாசித்துச் சொன்னேன். சரியாகத்தான் வாசித்தேனா என்று இன்னொரு தடவையும் வாசித்தேன். பளு தூக்கச் சொல்லியிருந்தது. எங்களுக்குத் தெரிந்து பளு இருந்த ஒரே இடம், தச்சநல்லூரில் ஓர் அண்ணாச்சி நடத்திய ஜிம்.

மூன்று வாரத்தில் இவருக்கு மார்பு விரிந்துவிட்டது. தெருவில் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சட்டையில் பொத்தான் பூட்ட முடியவில்லை என்று, தையலைப் பிரித்துவிடுவதற்காக இஞ்ச் டேப்பை எடுத்து மார்பை அளந்தேன். அளந்த கையோடு, ஏனோ, தொடைகளையும் அளந்தேன். வலதைவிட இடது ஒன்றரை இஞ்ச் குறைவாக இருந்தது.

நான் தப்பாக அளந்திருப்பேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மதியம் அவர் தூங்கியபோது, முழங்கால் சில்லிலிருந்து ஒரு சாண் மேலே, இரண்டு காலிலும் குழந்தையின் கண்மையால் பொட்டு வைத்து, பொட்டின் மேலேயே டேப்பைச் சுற்றினேன். அதே ஒன்றரை.

சொல்வதா வேண்டாமா? பந்து விளையாட்டில் எனக்கு என்ன தெரியும்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் ஜிம் வாசலுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, காலுக்குப் பயிற்சி ஒண்ணும் கிடையாதா?"

"கால யாரும்மா பாக்கா? வேட்டி மூடிரும்லா. தம்பிய ஆணழகன் போட்டிக்கு எறக்கப் போறேன். எண்ணெய் பூசி நிப்பாட்டுனா மின்னுவான்."

"அவங்க ஓடணும், அண்ணாச்சி."

"ஓடுனா ஒடம்பு கரைஞ்சிரும்மா" என்றார், உண்மையான கவலையோடு.

வீட்டுக்கு வந்தால் இவர் தொடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, திருஷ்டிப் பொட்டு தொடையிலயா வைப்பாவ?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. டேப்பை வாங்கித் தானே அளந்து பார்த்தார்.

தாள்களை மறுபடி விரித்தோம். இரண்டாவது தாளின் அடியில், முதுகில் பாரத்தோடு ஒற்றைக் காலால் படி ஏறும் பயிற்சி இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். பளுவை மட்டும் பார்த்துவிட்டு நான்தான் அதை அழுத்திச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் படிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? மறுநாள் விடிந்ததும் ஒரு சாக்கில் ஈர மணலை அள்ளித் தோளில் வைத்து, ஆற்றுப் படித்துறையில் இடது காலை மட்டும் ஊன்றி ஊன்றி மேலே போனார். பாசியில் வழுக்குமோ என்று நான் முன்னாலேயே படிகளைத் தேய்த்து வைத்திருந்தேன்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "எம்மா, ஒம் மாப்பிளைக்கு என்ன வேண்டுதலா?"

"இல்லக்கா, பயிற்சி."

"மண்ண மேல கொண்டு போயி, மறுபடியும் கீழ கொண்டாராவளே. பொண்டாட்டி சொன்னாக் கேக்குத மனுசன இன்னைக்குத்தான் பாக்கேன்."

இவர் சிரித்ததில் சாக்கு நழுவப் பார்த்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

ஓய்வு நாளிலும் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தபோது சாக்கை ஒளித்து வைத்தேன். வாரம் ஒரு முறை அளந்தேன். வித்தியாசம் ஒரு இஞ்ச் ஆயிற்று, பிறகு அரை, பிறகு கால். அளக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன், என்னவோ என் தொடையை அளப்பதுபோல.

ஜூலை கடைசியில் ஒரு பள்ளி மைதானத்தில் ஓட்டத்தைச் சோதித்தோம். நான்கு மூலையிலும் கல் வைத்து, கயிற்றால் அளந்தோம். சுற்றுக்கு முந்நூறு மீட்டர், வலமாகப் பத்துச் சுற்று. என் ஒரு கையில் கடிகாரம், பக்கத்தில் குழந்தை. சுற்றுக்கு ஒன்றாக எடுத்து வைக்க மடியில் புளியங்கொட்டைகள். ஆறு, ஏழு என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்போது குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். கொட்டையை விழுங்கிவிட்டாளா? விரலை விட்டுத் தேடினேன். வாயில் ஒன்றும் இல்லை, ஓவென்று அழுதாள். ஆனால் கொட்டைகள் எல்லாம் மண்ணில் சிதறிவிட்டன.

நேரம் முடிந்து வந்து நின்றார். "எத்தன?"

"பத்து. இல்ல, ஒம்பதா இருக்குமோ?"

"இருக்குமோவா?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர், கோபத்திலா என்னவோ, இன்னொரு சுற்று பிய்த்துக்கொண்டு ஓடினார். இரண்டாவது கல்லில் அதைப் பார்த்தேன். வழக்கமாக அங்கே வேகத்தைக் குறைத்து அகலமாகச் சுற்றுவார். இப்போது கல்லை ஒட்டி இடது காலை அழுத்தி ஊன்றி, சட்டென்று வலப்பக்கம் வெட்டினார். அடுத்த கல்லிலும் அப்படியே.

மூச்சு வாங்க வந்தார். "நேரம் முடிஞ்சு ஓடுனது கணக்குல வராது."

"வராட்டா போவுது. கல்லுகிட்ட எந்தக் கால ஊனித் திரும்புனீங்க?"

யோசித்தார். திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு அங்கே நடந்துபோய், இடது காலை ஊன்றித் திரும்பினார். மறுபடியும் ஒரு தடவை. அப்புறம் கொஞ்சம் ஓடிவந்து ஒரு தடவை.

"இன்னைக்கே கோவாவுக்கு டிக்கெட் எடுத்திருங்க" என்றேன்.

"ரெண்டு நாள் கழிச்சு இன்னொருவாட்டி அளந்து பாத்துக்கிடுவமே" என்று அவர்தான் இழுத்தார்.