சிவப்பு அம்பு

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரை எல்லோரும் செக்கரம்மா என்றுதான் கூப்பிடுவோம். சட்டை தைக்கும் ஆலையில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குறை பார்த்துக் கழிக்கும் செக்கர் வேலை. நாளொன்றுக்கு அறுநூறு சட்டைகள் அவர் கை வழியாகப் போகும். எங்காவது நூல் பிரிந்திருந்தாலோ பொத்தான் ஆடினாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் போடுவார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். என்னோடு பேசும்போதே என் வாசலில் கிடக்கும் செருப்பைக் காலால் நேராக்குவார். கணவர் லாரி ஓட்டுநர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். பிள்ளைகள் இருவர். பெரியவளுக்குப் பதினொரு வயது, பொடியனுக்கு ஏழு.

அந்த ஆண்டு ஜூலையில் அவரை லைன் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னார்கள். ஆனால் அதற்குமுன் ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து காட்ட வேண்டும். இரண்டு நாள் தாமதம் பொறுப்பார்கள். மூன்றாவது நாளும் தாமதமானால் பதவி அடுத்த லைன்காரிக்கு. பேருந்து ஐந்து இருபதுக்கு. அதை விட்டால் ஐந்து நாற்பது. அது ஆலைக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறு தாண்டிவிடும்.

எனவே வீட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். இரவுப் பாத்திரமும் சீருடை இஸ்திரியும் பெரியவளுக்கு. ஷூ துடைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது பொடியனுக்கு.

திங்கட்கிழமை அவர் படியிறங்கியது ஐந்து இருபத்து நான்குக்கு. செவ்வாய்க்கிழமை ஐந்து முப்பத்தொன்று. இரண்டு நாளும் கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் செய்து வைத்ததையெல்லாம் நாலரைக்கு எழுந்து மறுபடி செய்திருக்கிறார்.

செவ்வாய் மாலை இரண்டு வீட்டுக் கதவும் திறந்திருந்தன.

“ஏண்டி, பாத்திரம் அப்படியே கிடக்கு?”

“காலையில எப்படியும் நீ கழுவப் போறே. ஒரே தட்டை எதுக்கு ரெண்டு பேர் கழுவணும்?” என்றாள் பெரியவள்.

“நீ கழுவினா ஓரத்துல சோப்பு நிக்குது. அதுல எப்படிச் சாப்பிடறது?”

“நிக்குதுன்னு என்கிட்ட சொன்னியா? நான் தூங்கறப்போ திருட்டுத்தனமா கழுவுறே.”

“என் ஷூவையும் திரும்பத் துடைச்சே. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்,” என்றான் பொடியன்.

“நீ வாயை மூடு. எனக்கு இன்னும் ஒரு நாள் லேட்டானா பதவி போச்சு, தெரியுமில்ல?”

“அம்மா, ஆலையில நூல் பிரிஞ்ச சட்டையை நீயே தைப்பியா?” என்று கேட்டாள் பெரியவள்.

“நான் எதுக்குத் தைக்கணும்? அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். தைச்சவதான் சரி பண்ணணும். நானே தைச்சுக் கொடுத்தா அவ என்னைக்கு ஒழுங்காத் தைப்பா?”



“அப்ப எனக்கும் அம்பு ஒட்டு,” என்றாள் பெரியவள்.

ஆலையில் கழித்துப் போட்ட அம்புத் தாள் ஒன்று வீட்டில் இருந்தது. அன்று மாலை பத்தொன்பது அம்புகள். பொடியன் என் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னான்: “தாத்தா, அக்காவுக்குப் பன்னிரண்டு, எனக்கு ஏழுதான். நான் ஜெயிச்சுட்டேன்.”

ஒட்டுவது அவருக்குச் சுலபம். ஒட்டிவிட்டுச் சும்மா இருப்பதுதான் முடியவில்லை. பிள்ளைகள் திருத்திக்கொண்டிருக்க, அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். கடைசியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இங்க ஏதாவது துடைக்கணுமாங்க ஐயா?”

“காலையிலதானே துடைச்சேன்.”

“பரவாயில்லைங்க,” என்று என் மேசையை இரண்டு முறை துடைத்துவிட்டுப் போனார்.

புதன் ஐந்து பதினாறு. வியாழனும் வெள்ளியும் ஐந்து பதினைந்து. மாலை அம்புகள் பதினொன்றாகி, நான்காகக் குறைந்தன. அம்மா பார்க்கும் முன்பே பெரியவள் தட்டைக் குழல்விளக்கின் கீழ் சாய்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். பொடியன் ஷூவின் குதிகாலையும் துடைத்தான். முன்பெல்லாம் முன்பக்கம் மட்டும்தான்.

சனிக்கிழமை ஐந்து பத்துக்குக் கதவு திறந்தது. ஒரு காலை வெளியே வைத்தவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து பதினான்கு.

“அம்மா, கையை எடு,” என்றது பெரியவளின் தூக்கக் குரல்.

“ஒரு தட்டுதான்டி.”

“ஒட்டிட்டுப் போ. எழுந்ததும் கழுவுறேன்.”

குழாய் நின்றது. பொடியன் வாசல் வரை வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். ஐந்து பதினேழுக்கு அவர் படியிறங்கினார். கை உலர்ந்திருந்தது. நீல மேலங்கியின் முதுகில் ஒரு சிவப்பு அம்பு. நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மேலங்கியைக் கழற்றித் தேய்க்கத் தொடங்கியிருப்பார், பேருந்து போயிருக்கும்.

ஐந்து ஐம்பத்தாறுக்கு ஆலைக்குள் நுழைந்தாராம். தையல்காரிகள் சிரித்த பிறகுதான் அம்பு அவருக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை பதவி வந்தது.

“யாருடா என் முதுகுல ஒட்டினது?” என்று சனி மாலையே விசாரணை நடந்தது.

“குறை இருக்கிற இடத்துலதானே ஒட்டணும்?” என்றான் பொடியன். “நீயே சரி பண்ணிக்கோ.”