மூட்டியே ஊரில் கேட்ட கேள்வி

காலை எட்டரைக்குச் சூரிச்சில் ரயிலேறும்போதே என் மனைவி பரீதா கட்டளை போட்டுவிட்டாள். "அங்க போய் அரசியல் கதைக்கப்படாது." கல்யாணமான நாளிலிருந்து என்னோடு அரசியலே கதைத்து வருபவள் சொன்னது இது.

அவள் இலங்கையின் கிழக்குக் கரை அக்கரைப்பற்று, நான் மேற்குக் கரைப் புத்தளம். இருவரும் முஸ்லிம்கள், இருவருக்கும் தமிழ்தான் மொழி. ஆனால் தேர்தல் வந்தால் எங்கள் வீடு இரண்டுபடும். நான் பழியை வெள்ளைக்காரன் மேல் போடுவேன். எங்கள் கடற்கரையைக் குருநாகல் சிங்கள ஊர்களோடு சேர்த்து வடமேல் மாகாணம் என்று கோடு கிழித்தவன் அவன். அதற்குள் நாங்கள் ஒரு கைப்பிடி. கொழும்புக் கட்சிகளை அனுசரித்தே பழகிவிட்டோம். அவன் கீறிய கிழக்கு மாகாணத்திலோ முஸ்லிம்கள் பெருந்தொகை. தனிக்கட்சி, தனி நிர்வாக அலகு என்று கேட்கும் தெம்பு அங்கே வந்தது. "உங்கட ஆக்களுக்கு முதுகெலும்பில்ல" என்பாள். "உங்கட ஆக்களுக்கு அது மட்டும்தான்" என்பேன்.

பீல் நகரில் வண்டி மாறினோம். அங்கே ஒரு கோப்பி ஐந்து பிராங்க்; பரீதா ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பாதியை எனக்குத் தந்தாள். பிறகு நீளமான சுரங்கம். அதைத் தாண்டினால் மலைகளுக்கு நடுவே மூட்டியே.

நிலையத்தில் நேசன் நின்றான். யாழ்ப்பாணத்தான். கொழும்பில் ஒரே கடையில் என்னோடு வேலை செய்தவன், இப்போது இங்கே இயந்திரத் தொழிற்சாலையில். கட்டிப்பிடித்த கையோடு தன் காரின் நம்பர் தகட்டைக் காட்டினான்.

"இஞ்சை பார் மச்சான், கரடி போயிட்டுது!"

கரடி பேர்ன் மாநிலத்தின் சின்னம். பிரெஞ்சு பேசும் இந்த மலைநாட்டை நெப்போலியன் விழுந்த பிறகு வியன்னாவில் கூடிய பெரிய மனிதர்கள் ஜெர்மன் பேசும் பேர்னோடு ஒட்டினார்களாம். இந்த வருஷம்தான் மூட்டியே, ஊர் மக்களின் வாக்கெடுப்புப்படி, பிரெஞ்சு பேசும் பக்கத்து ஜூரா மாநிலத்துக்கு மாறியிருக்கிறது.

மதியம் நண்டுக் கறி. நேசன் பெருமை அடங்கவில்லை.

"முதல் வாக்கெடுப்பு செல்லாதெண்டு திருப்பியும் எங்களிட்டைக் கேட்டவங்கள், தங்கச்சி. ரண்டு தரம்!"

பரீதா தன் கட்டளையைத் தானே மீறினாள்.

"நேசன் அண்ண, வடக்கையும் கிழக்கையும் சேர்த்த நேரம் எங்களட்ட ஒருதரமாவது கேட்டாங்களா?"

இரண்டு மாகாணங்களையும் இணைத்த எண்பத்தேழு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், பிறகு கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு என்று எழுதினார்கள், அது நடக்கவேயில்லை. இணைப்பு என்றதும் கடை வாசலில் துள்ளிக் குதித்தவன் இந்த நேசன். நல்ல சிநேகிதம் இந்த மேசையோடு போய்விடுமோ என்று பயந்தேன்.

நேசன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"கேக்கேல்லைத் தங்கச்சி. கேட்டா மாட்டமெண்டு சொல்லுவியள் எண்டு பயம். நான் அண்டைக்கு உங்கடை ஆக்களை நினைச்சும் பாக்கேல்லை." கதிரையைப் பரீதா பக்கம் திருப்பினான். "சரி, இப்ப நான் கேக்கிறன். எங்களோடை சேர விருப்பமோ?"

பரீதா அவனையே பார்த்தாள். "யோசிச்சிச் சொல்றன்" என்று இன்னொரு நண்டுக்காலை எடுத்தாள்.

மாலை ஐந்தரைக்கு ரயில். கதவு மூடும் நேரம் நேசன் குரல் கொடுத்தான். "தங்கச்சி, மறுமொழி?"

"இவ்வளவு காலம் கழிச்சிக் கேட்டிருக்கீங்க. எனக்கும் கொஞ்சம் டைம் தாங்க, அண்ண!"

மேடையில் அவன் சிரித்தது கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது. சுரங்கத்துக்குள் பரீதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன மறுமொழி சொல்லப்போறாய்?" என்றேன்.

"மாட்டன் எண்டுதான். ஆனா, கேட்டுட்டாருதானே, இஞ்சாருங்க."

பீல் வரும்வரை அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. புத்தளத்தாரை இன்னும் யாரும் கேட்கவில்லை.