சுவிட்சில் அம்மாவின் கை

எங்கள் அப்பா பம்மலில், தோல் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு தங்கைகளுக்கும் மணம் முடித்த பிறகே தன் திருமணப் பேச்சை எடுக்க விட்டார். பட்டறை மூடப்பட்டபோது பள்ளி வேன் ஓட்டினார். அப்போதும் அண்ணனின் படிப்போ என் படிப்போ நிற்கவில்லை.

இவை உறவினர்கள் அறிந்தவை. சேலையூர் வீட்டின் பின்னறையில் இருந்த அப்பாவைப் பலர் அறிய மாட்டார்கள்.

ஞாயிறு மதியங்களில் அங்கே பழைய ஆம்பிளிஃபயர்களைப் பிரித்துச் சரிசெய்வார். கழற்றிய திருகுகளைப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைப்பார். வேலையைப் பாதியில் விட்டு எழுந்தால் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தெரியாமல் யாரும் மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. வேலை முடிந்த பிறகும் நேராகக் கொடுக்க மாட்டார். முதலில் ஒரு குண்டு பல்பின் வழியாகத்தான் மின்சாரம் போகும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம். மங்காவிட்டால் உள்ளே கோளாறு. உடனே அணைக்க வேண்டும். அதற்குச் சுவிட்சில் ஒரு கை தயாராக இருக்க வேண்டும். அது எப்போதும் அம்மாவின் கை.

“வாம்மா, சுவிட்ச்ல கை வை.”

“சாம்பார் அடிப்பிடிச்சா உங்க ஆம்பிளிஃபயரா வந்து கிளறும்?”

“ரெண்டே நிமிஷம்.”

“போன வாரமும் இதே ரெண்டு நிமிஷம்தான்.”

பல்பு மங்கும் வரை இருவரும் அதையே பார்த்திருப்பார்கள். பாட்டு வந்ததும் அம்மா, “பொழைச்சுது” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்புவார்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு ஞாயிறன்று, மேசையில் ஒரு ஆம்பிளிஃபயர் திறந்திருக்க, அப்பா நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்தார். மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பவில்லை.

அதன்பின் அந்த அறையில் எதையும் தொட அம்மா விடவில்லை. நினைவு நாள் நெருங்கியபோது அவரே சொன்னார்: “அவருக்குப் புடிச்ச பாட்டைப் போடணும். அவரு பாதியில விட்டதுலதான் போடணும், வேற எதுலயும் வேணாம்.”

நான் காட்டாங்குளத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். அப்பா நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவர் எடுத்து வைத்திருந்த கெப்பாசிட்டர்களைப் பொருத்தினேன், இணைப்புகளைச் சோதித்தேன், இட்லித் தட்டின் வரிசைப்படியே திருகுகளை முடுக்கினேன். கடைசியில் பார்த்தால், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

“கடையில வாங்கிட்டு வரேம்மா” என்று அண்ணன் செருப்பை மாட்டினார்.

“எதுக்குடா?”

அம்மா பீரோவைத் திறந்தார். மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்த அப்பாவின் சட்டை துவைக்காமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பைக்குள் விரல் விட்டு ஃபியூஸை எடுத்து என் கையில் வைத்தார்.

“பாதியில எழுந்தா இங்கதான போடுவாரு?”

பிறகு, கூப்பிடாமலே வந்து சுவிட்சில் கை வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. பல்பை விலக்கி நேராக மின்சாரம் கொடுத்தேன். பாட்டு வந்தது. அது முடியும் வரை அம்மா கையை எடுக்கவில்லை. முடிந்ததும், மெதுவாக, “பொழைச்சுது” என்றார்.

நெஞ்சு வலி வந்த அன்று அப்பாவைக் காரில் அழைத்துச் சென்ற எதிர்வீட்டு அண்ணாவுக்கும், இறுதிவரை உடன் நின்ற பட்டறை நண்பர்களுக்கும், வேன் பிள்ளைகளின் பெற்றோருக்கும் எங்கள் நன்றி. இன்று அப்பாவின் படத்தருகே ஒலிப்பது அந்த ஆம்பிளிஃபயர்தான். இருந்து கேட்டு, சாப்பிட்டுச் செல்லுங்கள். சத்தம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அம்மாவிடம் சொல்லுங்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் அவர்தான் இருப்பார்.