கூடை நின்ற வரிசை

திண்டுக்கல் நாகல் நகர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில், மெஹராஜ் அக்கா தன் சிவப்பு ஒயர்கூடையை வரிசையில் வைத்துவிட்டு, மகள் தஹ்சீனோடு எதிர்ப்புற வேப்பமர நிழலில் போய் நின்றுகொள்வார். ஒன்பது வயது தஹ்சீனுக்குப் பேச்சு வரவில்லை. கூட்டத்தில் யாராவது உரசினால் கையைக் கடித்துக்கொள்வாள். வரிசை நகர நகர, பின்னால் நிற்பவர்கள் கூடையைக் காலால் முன்னே தள்ளிவிடுவார்கள். வாய்ச்சண்டை எத்தனை நடந்தாலும் கூடையைத் தாண்டி யாரும் போனதில்லை. பக்கத்து வீட்டுக்காரனான நானும் பல முறை தள்ளியிருக்கிறேன்.

அக்காவுக்குத் தையல் வேலை. கணவர் முகமது பாரூக்குக்குத் தோல் கிடங்கில். கல்யாண வீடுகளில் "இதையும் ஏன் கூட்டியாந்த?" என்று ஆளாளுக்குக் கேட்டதில், அக்கா விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். தஹ்சீனுக்குப் பிடித்தது ரயில் மட்டும்தான். சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடி 'கூ' என்பாள். நிஜ ரயிலில் ஏற்றினால் நெரிசலில் அலறிவிடுகிறாள். 2003இல் நெடுஞ்சாலையோரம் திறந்த கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ரயில் ஓடுகிறது என்று தெருவே பேசியது. தெருக்காரர்கள் சேர்ந்து அங்கே போக வேன் பிடித்தபோது அக்காதான் முதலில் பெயர் கொடுத்தார்.

"அதுல ஒரு சுத்து, அம்புட்டுதான் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

அங்கே ரயில் ஏறும் இடத்தில் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வரிசை. அக்கா யோசிக்கவே இல்லை. கூடையை வைத்துவிட்டு மகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் கூடைக்குப் பின்னால் நின்றேன். பாதி தூரம் தள்ளியிருப்பேன், காவலாளி வந்துவிட்டார்.

"யாரு கூடை இது? ஆளில்லாத சாமான் இங்க கெடக்கக் கூடாது."

"அவங்க அங்க நிக்கிறாங்க..." என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் கூடையைத் தூக்கிக் கம்பிக்கு வெளியே வைத்தார்.

அக்கா ஓடி வந்தார். "அது என் எடம் சார்."

"ஆளு நிக்கணும்மா. கூடையா ரயில்ல ஏறப்போகுது?"

வரிசை சிரித்தது.

"எம்புள்ளயால நிக்க முடியாது. எறங்குற வழியா விட்டுருங்க. ஒரே சுத்து."

மேலாளரை அழைத்தார்கள். அவர் தஹ்சீனை மேலும் கீழும் பார்த்தார். "கால் நல்லாத்தான இருக்கு? சக்கர நாற்காலியில வர்றவங்கள மட்டுந்தான் அப்படி விடுவோம்."

"காலு நல்லாருக்கது எம்புள்ள செஞ்ச தப்பா?"

"கடைசில போய் நில்லுங்கம்மா."

நின்றும் பார்த்தார். யாரோ இடிக்க, தஹ்சீன் கையில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. "அடக்க முடியாத புள்ளய எதுக்குக் கூட்டியாராங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு வேன் கிளம்பும்வரை தஹ்சீன் வேலிக்கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். ரயில் கடக்கும்போதெல்லாம் 'கூ' என்றாள்.

திரும்பும் வழியில் திண்டுக்கல்லை நெருங்கும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி, பைக், எங்கள் வேன் என்று நீண்ட வரிசை. தஹ்சீன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, அசையாமல் காத்திருந்தாள். சரக்கு ரயில் வந்தது.

முன்சீட்டில் இருந்த எங்கள் தெரு ரோஸ்மேரி டீச்சர் திரும்பினார். "பாரு மெஹராஜ், நெசமான ரயிலே வந்துருச்சு. மனசத் தேத்திக்க."

"பாக்குறதுக்கா டீச்சர் இம்புட்டுத் தூரம் போனேன்? தெனம் மாடியில நின்னு பாக்குறாளே! ஏறணும் டீச்சர். எம்புள்ள ஏறணும்."

டீச்சர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கேட் திறந்ததும் பின்னாலிருந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். தஹ்சீன் மறுபடியும் கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.